பன்னிரண்டரை பாய்லர்

ஒரு படிவத்தில் காலியாக இருக்கும் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட எந்தப் படிப்பும் தேவையில்லை. அதை நிரப்பத்தான் முனைவர் பட்டம் வேண்டியிருக்கிறது. நான் அந்தப் பட்டத்தை வாங்கியவள். வாங்குவதற்காக நான் நிரப்பிய கட்டங்களில் ஒன்று ஒரு குடும்பத்தையே இரண்டாக உடைத்தது. அது வேறு யாருடைய குடும்பமாகவாவது இருந்திருந்தால் வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டேன். என் சொந்தத் தாய்மாமன்கள் என்பதால் மறைக்க வழியில்லை. நான் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள், அதுவும் கை கால் எல்லாம் வைத்து.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தேன். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் மூலதனம் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடுவது என் வேலை. மூலதனம் என்றால் மெஷின், கட்டடம், தொட்டி, மோட்டார் எல்லாம் சேர்த்து இன்றைய நிலையில் என்ன பெறும் என்ற கணக்கு. (அம்மா ஊரில் விசாரித்தவர்களிடம் எல்லாம், "எங்க கோகிலா மில்லுக்கெல்லாம் வெல போடறா" என்று சொல்லிவைத்திருந்தார். இரண்டு பேர் விற்கவே தயாராகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.)

கணக்கெடுக்கப் போன பிள்ளைகள் வெயிலில் அலைந்து படிவங்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார்கள். எத்தனை ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. மின்சாரம் எவ்வளவு ஆகிறது என்பதற்குப் பதில் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் வசவும் இருந்தது. "இயந்திரங்கள், கட்டடங்களின் இன்றைய மதிப்பு என்ன?" என்ற கேள்விக்கு எதிரே மட்டும் வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். ஒருவர் "ஆடிட்டரைக் கேட்கவும்" என்று எழுதியிருந்தார். ஒருவர் "முருகன் அருளால் நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "எதற்கு?" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்று யோசித்தால், அந்தக் கணக்கெடுப்பிலேயே உருப்படியான பதில் அந்த "எதற்கு?"தான்.

என் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிளாங்க்னு உலகத்துல ஒண்ணு கிடையாதும்மா. நாம இன்னும் கண்டுபிடிக்காத நம்பர், அவ்ளோதான்" என்றார். எனக்குப் புல்லரித்தது. (இப்போது என் மாணவர்கள் யாராவது அப்படிச் சொன்னால் வெளியே போகச் சொல்கிறேன்.)

போன் செய்து கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் படிவங்களில் ஒன்று என் மாமன்களின் சேகோ மில்லுடையது என்பது எனக்குத் தெரியும், எது என்றுதான் தெரியாது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் மில். பெரிய மாமா நல்லசிவமும் சின்ன மாமா நடராஜும் கூட்டாளிகள். நான் ஒரு போன் போட்டு, "மாமா, மில்லுல என்னென்ன இருக்கு?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டமாவது ஒழுங்காக நிரம்பியிருக்கும். ஆனால் சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஆய்வின் தூய்மை கெட்டுவிடும் என்று நான் நம்பினேன். படிவங்களில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும். பெயர்ப் பட்டியல் பேராசிரியரின் பீரோவில் பூட்டி இருந்தது. நான் அந்த பீரோவைக் கடந்து போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவ்வளவு தூய்மை.

கேட்பதற்குப் பதிலாக ஒரு சூத்திரம் போட்டேன். அதை எளிதாகவே சொல்லிவிடலாம். ஓட்டைத் தொட்டி ஒன்றில் ஒருவர் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. ஆனால் எவ்வளவு ஒழுகுகிறது, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு தோராயம் தெரிந்தால், ஊற்றும் குடத்தை வைத்தே உள்ளே எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதேபோல, மில்லுக்காரர் கடந்த ஐந்து வருடத்தில் வருடாவருடம் வாங்கிய மெஷின்களின் விலை படிவத்தில் இருந்தது. ரூபாய்க்கு ஐந்து பைசா தேய்மானம், மூன்று பைசா வளர்ச்சி, ஆக எட்டு பைசா என்று வைத்துக்கொண்டேன். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. முதல் வருடம் ஒருவர் என்ன வாங்கியிருக்கிறாரோ, அதைப்போலப் பன்னிரண்டரை மடங்கு அவரிடம் இருக்கிறது. முடிந்தது வேலை.

அந்த முதல் வருடம் அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாங்குகிற பெரிய சாமானை வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐந்து வருடமும் எதுவுமே வாங்காதவருக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தோன்றியது. ஏனென்றால் பூஜ்யம் வந்தால் என் கணினி அடுத்த படிக்குப் போகாமல் முரண்டு பிடித்தது. அதற்கும் வழி இருந்தது. பூஜ்யமாக வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டேன். (சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.)

முடிவுகளை ஆலைக்காரர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சேலத்தில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூட்டம் ஏற்பாடானது. சொந்த ஊர்ப்பெண் என்று பேராசிரியர் என்னையே பேசச் சொன்னார். அம்மா கல்யாணத்துக்கு வருவதுபோல் பட்டுப்புடவையில் வந்தார். மாமன்கள் இருவரும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்ன மாமாவின் மனைவி ரேவதி அத்தை, போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராக இருந்தார். பெரிய மாமா பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம், "இப்பப் பேசப்போறது எங்க தங்கச்சி புள்ளைங்க. டாக்டருங்க" என்றார். (அப்போது நான் டாக்டர் ஆகியிருக்கவில்லை. மாமாவும் ஒரு காலிக்கட்டத்தை நிரப்பினார், அவ்வளவுதான்.)

"சேலத்தின் மறைந்திருக்கும் மூலதனம்" என்று தலைப்பு வைத்திருந்தேன். மறைந்திருக்கும் என்ற அந்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதன் விளைவு ஒரு வருடம் ஓடியது.

"உதாரணத்துக்கு அலகு எண் பதினேழைப் பார்ப்போம்" என்றேன். "பெயரை வெளியிட மாட்டோம். ரகசியம் முழுமையாகக் காக்கப்படும். இது ஒரு சேகோ ஆலை. ஆத்தூர் சாலையில் உள்ளது. கூட்டாளிகள் இரண்டு பேர், உடன்பிறந்தவர்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பாய்லர் வாங்கினார்கள்."

ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. அந்த ஆத்தூர் ரோட்டில் அந்த வருடம் பாய்லர் வாங்கிய அண்ணன் தம்பி யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டல் பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது போல. தெரியாதவள் நான் ஒருத்திதான். மாமாவின் முகத்தைப் பார்த்த நொடியில் எனக்கும் தெரிந்தது. அதற்குள் என் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

மக்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ரூபாய்க் கணக்காகப் போடாமல் நான் படமாகவே வரைந்து வைத்திருந்தேன். திரையில் பாய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்து நின்றன. பன்னிரண்டு முழு பாய்லர். கடைசியில் நடுவில் வெட்டிய அரை பாய்லர். கீழே, "நாங்கள் ஆய்வு செய்ததிலேயே மிக அதிக மூலதனம் கொண்ட ஆலை."

யாரோ கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நல்லசிவண்ணா, சொல்லவே இல்லீங்களே!" என்றார். பெரிய மாமா திரையைப் பார்த்தபடி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்து அவர் மில்லில் இருந்தது ஒரு பாய்லர். மற்ற சாமான், தொட்டி, ஷெட் எல்லாம் சேர்த்தால் இன்னொரு பாய்லர் தேறும். ரேவதி அத்தை படம் எடுப்பதை நிறுத்தவே இல்லை.

அந்த நேரத்தில்தான் குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். அர்த்தநாரி என்று பெயர், நல்ல உயரம். நாங்கள் கொடுத்திருந்த பட்டியல் காகிதத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏனுங்கம்மிணி, இதுல முப்பத்தொண்ணாம் நெம்பரு. குமாரபாளையம், நூத்தியிருவது தறின்னு போட்டிருக்குதுங்க. அது நானுங்க. மூலதனம் ஒண்ணுன்னு இருக்குதே, ஒரு கோடிங்களா?"

நான் பட்டியலைப் பார்த்தேன். "இல்லைங்க. ஒரு ரூபாய்."

"நூத்தியிருவது தறியுமா?"

"ஷெட்டும் சேர்த்துங்க."

தறிக்காரருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "அண்ணா, இந்தாங்க. மிச்சம் நீங்களே வெச்சுக்கங்க. சாவியக் குடுங்க."

அதற்குப் பிறகு அந்த ஹாலில் ஒலிபெருக்கிக்கு வேலையில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "இந்தக் கணக்கு முழுக்க ஊகம். அந்த ஒரு ரூபாயும் ஊகம், பன்னிரண்டரை பாய்லரும் ஊகம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். பேராசிரியர் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும். முப்பத்தொண்ணு மட்டும் அச்சுப்பிழை" என்றேன்.

அந்த 'மட்டும்'தான் என்னைக் கவிழ்த்தது.

சாப்பாட்டு நேரத்தில் குடும்பமாக ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அம்மா என் தலையைத் தடவி, "நல்லாப் பேசினே கண்ணு" என்றார். சின்ன மாமா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரேவதி அத்தைதான் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி, நம்ம மில்லுல நிக்கறது ஒரு பாய்லருதானே? மீதி பதினொண்ணரை எங்கிருக்குது?"

"அத்தை, அது நிஜ பாய்லர் இல்லை. ஒரு மதிப்பீடு."

"மதிப்பில்லாததுக்கு யாராச்சும் மதிப்பீடு போடுவாங்களா?" என்றார் அத்தை. பிறகு பெரிய மாமாவைப் பார்க்காமல், சாம்பார் வாளியைப் பார்த்து, "மறைஞ்சிருக்குதுன்னு பெருசா எழுதியே போட்டாங்களே" என்றார்.

பெரிய மாமா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

நான் அன்று மாலையே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அதன்பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் போனில் வந்து சேர்ந்தது. அத்தை எடுத்த படம் சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் போனது. பன்னிரண்டரை பாய்லரைப் பார்த்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர் பெண்ணுக்கு வேலை கேட்டார். பெரிய மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனால் யாரோ ஒருவருக்கு, "கண்ணாலமே வேண்டாம்னு இருந்தாரே, அது இதுக்குத்தானா? இன்னொரு பக்கம் ஊடும் மில்லும் இருக்குமோ?" என்று சந்தேகம் வந்தது. அது ஒரு வாரத்தில் ஆத்தூரில் ஒரு மில், அங்கே ஒரு பெண், இரண்டு குழந்தைகள் என்று வளர்ந்துவிட்டது. (ரூபாய்க்கு மூன்று பைசா வளர்ச்சி என்று நான் போட்டது ரொம்பக் குறைவு.)

சின்ன மாமா நல்லவர். ஆனால் அவர் ராத்திரி தூங்க வேண்டியது அத்தை இருக்கும் வீட்டில். மூன்றாம் வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆத்தூருக்குப் போய், மில் மில்லாக ஏறி இறங்கி, "இது யாருதுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்டுவிட்டுப் போன மறுநாளே அது பெரிய மாமா காதுக்கு வந்துவிட்டது. பெரிய மாமா அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, "என்ற தம்பி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊரெல்லாம் பாய்லர் தேடிட்டுத் திரியறான்" என்றாராம். அண்ணனிடம் கேட்காமல் ஊரில் போய்த் தேடியது தம்பியின் தப்பு. மாமாவிடம் கேட்காமல் கணினியில் தேடியவள் யார் என்று அவர் சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா போன் செய்தார். "நீ உடனே கெளம்பி வா. வந்து உன்ற பாய்லரயெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போயிரு."

போனேன். முதலில் சின்ன மாமா வீட்டுக்குத்தான். ஒரு குண்டாவில் தண்ணீர் பிடித்து, டம்ளரால் ஊற்றிக் காட்டி, ஓட்டைத் தொட்டிக் கதை முழுவதும் சொன்னேன். முதல் வருடம் வாங்கிய பொருளை நான் தினசரிக் குடம் என்று எடுத்துக்கொண்டேன், அவர்கள் வாங்கியதோ ஒரே தடவை வந்து கொட்டிய லாரித் தண்ணீர், அதனால் தொட்டி ஏரி அளவுக்குத் தெரிந்தது என்று விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் பாடம் நடத்தியதில்லை.

ரேவதி அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தறிக்காரருக்கு தப்புன்னதும் அங்கியே அச்சுப்பிழைன்னு சொன்னீல்ல? எங்குளுது தப்புன்னா அதயும் சொல்லியிருப்பீல்ல?" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்ப உன்ற பெரிய மாமனுக்காக மாத்திப் பேசற. நீ பெருக்கறதும் வகுக்கறதும் எனக்கெதுக்கு? அன்னைக்கு அத்தன பேரு முன்னால, மைக்குல சொன்னது பொய்யா போயிருமா?"

நான் தப்பாகச் சொன்னபோது ஊரே நம்பியது. சரியாகச் சொன்னபோது அத்தை ஒருத்திகூட நம்பவில்லை. என்னிடம் இல்லாதது ஒன்றுதான். திரையில் உருளும் படம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (என் யோசனைகளைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.) பாய்லரை விற்றவரையே அழைத்துவந்து, ஒன்றுதான் விற்றேன் என்று சொல்ல வைத்துவிட்டால்? சேலத்தில் மெஷின் வியாபாரம் செய்யும் ஜாபர் பாய்தான் மாமாவுக்கு அந்த பாய்லரை வாங்கிக் கொடுத்தவர் என்று மில் ஆட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆரஞ்சு நிறச் சட்டையும் மொபெட்டுமாக இருக்கும் அவரிடம் போய், "ஒரு நிமிசம் வந்து உண்மையைச் சொன்னாப் போதும் பாய்" என்றேன். பெரிய மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. திடீரென்று அழைத்துவந்து அவருடைய மானத்தைக் காப்பாற்றலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை மில்லில் எல்லாரையும் கூட்டினேன். மாமன்கள் இருவரும் பாய்லருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுவில். அம்மா என் பக்கத்தில். வெளியே களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. புளித்த கிழங்கு மாவின் வாசனை. மொபெட் வந்து நின்றதைப் பார்த்ததும் பெரிய மாமாவின் முகம் ஏனோ சுருங்கியது. மரியாதையில் நெகிழ்கிறார் என்று நினைத்தேன்.

ஜாபர் பாய் வந்தார். பாய்லரை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுதாம்மா. நான் குடுத்ததுதான். ஒண்ணே ஒண்ணு. இவருக்கு நான் வேற எதுவும் குடுக்கல. இவரு வேற எடத்துல வாங்கியிருந்தா எனக்குத் தெரியாமப் போவாது. இந்த ஜில்லாவுல பாய்லர் கைமாறினா எங்கிட்ட சொல்லாம மாறாது."

நான் வெற்றியோடு அத்தையைப் பார்த்தேன். அவர் முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சின்ன மாமா மூச்சு விட்டார். அங்கேயே பாயின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் பாய் தன் சரக்கின்மேல் பாசம் உள்ளவர்.

"பவானிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை மூடினாங்க. அங்கேர்ந்து கழட்டிட்டு வந்தது. பெயிண்ட் அடிச்சு நிறுத்துனேன் பாருங்க, ஒருத்தனாலயும் பழசுன்னு சொல்ல முடியல. அஞ்சு வருசம் ஓடியிருக்கில்ல? ஒரு ரிப்பேர் உண்டா?"

பாய்லருக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"புதுசுன்னு சொன்னீங்களே அண்ணா" என்றார் சின்ன மாமா. சத்தமாகச் சொல்லவில்லை. "பில்லு காட்டுனீங்களே."

பெரிய மாமா தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் சாமி இதைச் செய்தாய் என்பது போன்ற ஒரு பார்வை.

ஜாபர் பாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. "அப்ப நான் கெளம்பறனுங்க" என்று, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார்.

"பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல நின்ன பணம் எங்க போச்சு?" என்றார் அத்தை.

பெரிய மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வருசம் இவங்கப்பன் லாரி நின்னுபோச்சு. இவளுக்கு மெட்ராசுல சீட்டு கெடச்சுது. பீசு கட்டறதுக்கு நாளு பதினஞ்சுதான் இருந்துது. கட்டுனேன்."

அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு, பெரிய மாமா உதவினார் என்று தெரியும். எதிலிருந்து என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. படிவத்தின் மெஷின் கணக்கில் மாமன்கள் நிரப்பியிருந்த ஒரே கட்டம், அந்த பாய்லரின் விலை. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது, இது ஒன்றாவது நிஜம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். அந்தப் பொய்யில் படித்துவிட்டுத்தான் அதைப் பன்னிரண்டரையால் பெருக்கியிருக்கிறேன்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா அண்ணா?" என்றார் சின்ன மாமா.

"நான் குடுக்க உட்டிருக்க மாட்டேன்" என்றார் ரேவதி அத்தை.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? பொய் சொல்லச் சொல்றீங்களா? அப்ப நாங்க ஊடு கட்டிட்டு இருந்தோம். தளம் போடப் பணமில்லாம ஓலை போட்டுட்டுக் கெடந்தோம். அப்பப் போயி இவ படிப்புக்குக் குடுங்கன்னா, நானென்ன கோயில் கட்டிக் கும்புட வெச்ச சாமியா?"

அந்த இடத்தில் உண்மை பேசியது அவர் ஒருவர்தான். எனக்கு அத்தையின்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பயம் முன்பே இருந்தது.

அதோடு சமாதானம் ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மாமன்கள் இருவரும் ஏழெட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மில் மட்டும் ஓடியது. ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை பாய்லர் ஆப்பரேட்டரிடம் சொல்வார்கள். "கெழங்கு லோடு ரெண்டு வருதுன்னு அவருகிட்டச் சொல்லு" என்பார் ஒருவர், அவரும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். ஆப்பரேட்டர் சம்பளம் கூட்டிக் கேட்டார், கொடுத்தார்கள். ஒரு நாள் பகலில், களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் கோடைமழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் எல்லாம் ஓடினார்கள். காற்றில் பாய் பறந்தது. சின்ன மாமா அந்தக் கோடியிலிருந்து, "அண்ணா, அந்த முனையப் புடிங்க! மேல ஏறி நில்லுங்க! என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கறீங்க!" என்று கத்தினாராம். பெரிய மாமா முனையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கத்தாதடா, புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்றாராம். பேச்சு வந்துவிட்டது. முதல் பேச்சே திட்டாக வந்ததால் யாருக்கும் கூச்சமாக இல்லை.

நான் சென்னைக்குத் திரும்பிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூத்திரம் தப்பு, அந்த ஒரு விலையும் தப்பு, ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பதினேழு ஒட்டாத நம்பர். தூக்கிடு" என்றார். முழுசாகச் சண்டை போட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. பட்டம் வாங்க எனக்கு ஆறு மாதம்தான் மிச்சம் இருந்தது. தூக்கிவிட்டேன். என்னைப் படிக்கவைத்த மில் என் ஆய்வில் இல்லை. ஏதோ ஒரு நூலகத்தில் அந்த ஆய்வு இப்போதும் கிடக்கிறது. குமாரபாளையத்து நூற்றிருபது தறி மட்டும், ஷெட்டோடு சேர்த்து, ஒரு ரூபாய்க்கு அதில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். வெளியே எனக்கு மரியாதை உண்டு. வீட்டில், எண் சம்பந்தப்பட்ட எதையும் என்னிடம் கேட்பதில்லை. இல்லை, தப்பு. கேட்பார்கள். அதுதான் பிரச்சினை.

போன தை மாதம் ரேவதி அத்தையின் மகளுக்குக் கல்யாணம். எத்தனை இலைக்குச் சமைக்கட்டும் என்று கேட்டுச் சமையல் மாஸ்டர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீயொரு கணக்குச் சொல்லு."

நான் அழைப்பிதழ்ப் பட்டியலை வாங்கினேன். இந்த முறை எந்தச் சூத்திரமும் போடவில்லை. யார் யார் குடும்பத்தோடு வருவார்கள், யார் தனியாக வருவார்கள், யார் கோபத்தில் இருக்கிறார்கள் என்று பெரிய மாமாவையும் சின்ன மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பாதி நாள் ஆனது. "எண்ணூறு இலை அத்தை" என்றேன்.

அத்தை மாஸ்டர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? இவ எண்ணூறுங்கறா. அப்ப ஐந்நூறு போட்டுக்கங்க."

மாமன்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மாஸ்டர் ஐந்நூறு என்று எழுதிக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று மூன்றாம் பந்தியில் ரசம் தீர்ந்தது. நான்காம் பந்தியில் சாதம் தீர்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்று இலைக்கு முன்னால் கைகழுவி உட்கார்ந்து, இலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா பக்கத்து ஓட்டலுக்கு வண்டியை விரட்டினார். வந்தவர்களை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணூற்றுக்கு நாலைந்து பேர்தான் கூடக் குறைய. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சரியான மதிப்பீடு.

அடுக்களை வாசலில் அத்தை என்னை மடக்கினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் நின்றதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார். "நீ இப்படித் திடீர்னு சரியாச் சொல்லிப்போடுவீன்னு நாங்க என்ன கனவா கண்டோம்?"